அமெரிக்காவின் தொடக்ககாலத் தங்கக் காசுகள்: தரம் பார்ப்பதும் ஏலம் கேட்பதும்

1795 ஜூலை 31 அன்று பிலடெல்பியா அச்சாலை 744 தங்கக் காசுகளை அடித்து ஒப்படைத்தது. அமெரிக்க அரசின் முதல் தங்கக் காசுகள் அவைதான். ஐந்து டாலர் மதிப்புள்ள அந்தக் காசுக்கு ஹாஃப் ஈகிள் என்று பெயர். அதே ஆண்டு பத்து டாலர் ஈகிளும், அடுத்த ஆண்டு இரண்டரை டாலர் குவார்ட்டர் ஈகிளும் வந்தன. அப்போது தொடங்கி 1834-இன் நடுப்பகுதிவரை அடிக்கப்பட்ட இந்த மூன்றையும்தான் சேகரிப்பாளர்கள் தொடக்ககாலத் தங்கம் என்கிறார்கள்.

மூன்றும் 22 காரட். பன்னிரண்டில் பதினோரு பங்கு தங்கம், மீதி ஒரு பங்கு வெள்ளியும் செம்பும். ஈகிள் 17.50 கிராம், ஹாஃப் ஈகிள் 8.75 கிராம், குவார்ட்டர் ஈகிள் 4.37 கிராம். நம் கணக்கில் ஹாஃப் ஈகிள் ஒரு பவுனைவிடச் சற்றே கூடுதல். குவார்ட்டர் ஈகிள் அரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேல். அந்த அரைப் பவுன் எடையுள்ள 1808 குவார்ட்டர் ஈகிள் ஒன்று 2015-இல் 23,50,000 டாலருக்கு ஏலம் போனது. ஆகவே இங்கே தங்கத்தின் அன்றாட விலை கணக்கிலேயே வராது. எத்தனை காசுகள் மிஞ்சியிருக்கின்றன, உங்கள் கையில் உள்ள காசின் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் விலை. முதல் கேள்விக்குப் பதில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவதை ஒவ்வொரு காசுக்கும் புதிதாகப் பார்த்தாக வேண்டும்.

ஏன் இவ்வளவு குறைவாக மிஞ்சின

1792-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பங்கு தங்கத்துக்குப் பதினைந்து பங்கு வெள்ளி என்று விகிதம் வைத்தது. ஐரோப்பாவிலோ தங்கத்துக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது; பிரான்சில் விகிதம் 15.5. அமெரிக்காவில் வெள்ளியைக் கொடுத்துத் தங்கக் காசு வாங்கி, கப்பலேற்றி, அங்கே உருக்கினால் லாபம். அதனால் காசுகள் புழக்கத்துக்கு வருவதற்குள்ளேயே மூட்டை மூட்டையாக வெளியேறின. ஈகிள் அடிப்பதை 1804-இல் நிறுத்திவிட்டார்கள். மறுபடி 1838-இல்தான் தொடங்கியது. 1834 ஜூன் மாதச் சட்டம் காசின் எடையைக் குறைத்தது. ஹாஃப் ஈகிள் 8.36 கிராமுக்கு இறங்கியது. புதிய எடைக் காசைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ள, பின்புறத்தில் இருந்த லத்தீன் வாசகத்தை எடுத்துவிட்டார்கள். அதன்பின் பழைய கனமான காசு யாரிடம் இருந்தாலும் உருக்கினால்தான் ஆதாயம் என்ற நிலை. 1820-களில் அடித்த ஹாஃப் ஈகிள்கள் அதிகம் அழிந்தது இப்படித்தான்.

1822 ஹாஃப் ஈகிளை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சாலைக் கணக்கில் அந்த ஆண்டு 17,796 காசுகள். இன்று இருப்பதாகத் தெரிவது மூன்று. இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். தனியார் கையில் ஒன்றே ஒன்று. அது 1982-இல் 6,87,500 டாலருக்கும், 2021 மார்ச்சில் 84 லட்சம் டாலருக்கும் ஏலம் போனது. கவனிக்க வேண்டியது, அந்தக் காசின் தரம் வெறும் ஏயு 50, அதாவது எழுபதுக்கு ஐம்பது. புழங்கித் தேய்ந்த காசு. இருப்பதே மூன்று என்னும்போது தரத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 1801 ஈகிள் போல நூற்றுக்கணக்கில் கிடைக்கும் காசு என்றால் நிலைமை தலைகீழ். அங்கே தரம்தான் விலை.

ஒரு எச்சரிக்கை. அச்சாலை ஏட்டில் உள்ள எண்ணிக்கை அந்த ஆண்டில் அடித்த காசுகளைச் சொல்கிறதே தவிர, அந்த ஆண்டு பொறித்த காசுகளை அல்ல. எஃகு அச்சு விலை உயர்ந்தது, உடையும்வரை பயன்படுத்தினார்கள். 1795 என்று பொறித்த ஹாஃப் ஈகிள்களில் சிலவற்றின் பின்புறம், சில ஆண்டுகள் கழித்து வந்த பெரிய கேடயக் கழுகு. முன்புற அச்சு மிச்சமிருந்ததால் பிற்பாடு அடித்திருக்கிறார்கள். ஆகவே ‘குறைவாக அடித்தது, ஆகவே அரிது’ என்று ஏட்டை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

தர எண் என்ன சொல்கிறது

தரம் 1 முதல் 70 வரையிலான எண். வில்லியம் ஷெல்டன் 1949-இல் அமெரிக்காவின் பழைய செப்புக் காசுகளுக்காக வகுத்த அளவுகோல் இது. மிகத் தேய்ந்த காசு ஒரு பங்கு விலை என்றால் குறையில்லாத காசு எழுபது பங்கு என்பது அவர் கணக்கு. அந்த விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப் போனது. எண் மட்டும் தங்கிவிட்டது, செம்பைத் தாண்டித் தங்கத்துக்கும்.

தொடக்ககாலத் தங்கத்தில் உங்கள் கண்ணில் படப்போவது பெரும்பாலும் எக்ஸ்எஃப் 40 முதல் எம்எஸ் 63 வரையிலானவை. எக்ஸ்எஃப் என்றால் மிக நல்ல நிலை, ஏயு என்றால் ஏறக்குறையப் புழங்காதது, எம்எஸ் என்றால் புழங்காதது. எக்ஸ்எஃப் 40, 45 என்றால் மேடான இடங்கள் எல்லாம் தேய்ந்திருந்தாலும் நுணுக்கங்கள் தெளிவாக இருக்கும். அச்சின் பளபளப்பு எழுத்துகளின் இடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏயு 50, 53, 55, 58 என ஏற ஏற அந்தப் பளபளப்பு வெற்றுப் பரப்புக்குப் பரவும்; தேய்மானம் மிக உயர்ந்த புள்ளிகளுக்குச் சுருங்கும். எம்எஸ் 60-க்கு மேல் தேய்மானமே இல்லை என்பது கொள்கை. நடைமுறையில் 60, 61, 62 தரத் தொடக்ககாலத் தங்கத்தில் லேசான உரசலைப் பார்க்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏயு 55 அல்லது 58 என்று தரச்சான்று நிறுவனத்தின் சீட்டு வாங்கிய காசு இன்று எம்எஸ் 61 ஆக உட்கார்ந்திருப்பது இந்த வணிகத்தில் புதுமையில்லை. நல்ல ஏயு 58 காசு, கீறல் நிறைந்த எம்எஸ் 60 காசைவிட அழகாக இருப்பதும் வழக்கம்தான். விலையும் குறைவாக இருந்தால் தயங்காமல் 58-ஐ எடுங்கள்.

தேய்மானம் எங்கே முதலில் தெரியும்? தொப்பி அணிந்து வலப்புறம் பார்க்கும் சுதந்திர தேவி காசில், நெற்றிக்கு மேலுள்ள முடி, காதோரச் சுருள், தொப்பியின் உயர்ந்த மடிப்பு, தோள். பின்புறம் கேடயக் கழுகு என்றால் சிறகுகளின் மேல் விளிம்பு, கேடயத்தை ஒட்டிய இறகுகள், மேகங்கள். ஆரம்பகாலச் சிறிய கழுகு என்றால் மார்பும் தொடையும்.

அச்சாலைக்குள் நடந்தது, வெளியே நடந்தது

இந்தக் காசுகளைத் தரம் பிரிப்பதன் உயிர்நாடி இதுதான். காசில் தெரியும் குறை அச்சாலைக்குள் ஏற்பட்டதா, வெளியே வந்தபின் ஏற்பட்டதா? உள்ளே ஏற்பட்டது பெரும்பாலும் மன்னிக்கப்படும். வெளியே ஏற்பட்டது விலையைத் தின்னும். இரண்டும் முதல் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பணம் போவது அங்கேதான்.

முதலில் அரத் தடங்கள். அடிப்பதற்கு முன் வெற்றுத் தங்க வில்லையை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து நிறுத்தார்கள். எடை குறைந்தால் மறுபடி உருக்குவதைத் தவிர வழியில்லை. கூடினால் அரத்தால் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். ஆகவே வில்லைகளை வேண்டுமென்றே சற்றுக் கனமாக வெட்டி, பிறகு அரம் போட்டார்கள். அச்சு விழும்போது உலோகம் நசுங்கி அந்தக் கோடுகளில் பெரும்பாலானவை மறையும். உலோகம் முழுதாக ஏறிச் சேராத இடங்களில் மட்டும் தங்கிவிடும்: உருவத்தின் நடுவிலுள்ள உயர்ந்த பகுதி, விளிம்புப் பற்கள். ஆகவே அங்கே ஒரே திசையில் வரிசையாக ஓடும் கோடுகளைக் கண்டால் அலற வேண்டாம். காசில் பிற்பாடு விழுந்த கீறல் இப்படி நடந்துகொள்ளாது. அது உருவம், வெற்றுப் பரப்பு என்று பாராமல் குறுக்கே ஓடும், திசை மாறும், ஓரத்தில் உலோகம் ஒதுங்கி நிற்கும், உள்ளே நிறம் சுற்றுப்புறத்தைவிடப் பளிச்சென்று இருக்கும். அரத் தடம் தேவியின் கன்னத்தில் கனமாக விழுந்திருந்தால் விலை குறையும், அது உண்மை. ஆனால் அது சேதம் என்ற கணக்கில் வராது.

அடுத்தது பலவீனமான அடி. முன்புறத்தில் தேவியின் முடி உயர்ந்திருக்கும் இடத்துக்கு நேர் பின்னே கேடயமும் கழுகின் மார்பும் வருகின்றன. இரண்டு பள்ளங்களையும் நிரப்ப உலோகம் போதாமல், கேடயக் கோடுகள் மழுங்கிப் பிறக்கும். இதைத் தேய்மானம் என்று நினைத்து நல்ல காசைக் கைவிடுபவர்களும் உண்டு. தேய்மானத்தைப் ‘பலவீனமான அடி’ என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. வேறுபாட்டைப் பளபளப்பு காட்டிக்கொடுக்கும். காசை ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துச் சுழற்றுங்கள். ஒளிப்பட்டை அந்த மழுங்கிய இடத்தையும் தடையில்லாமல் கடந்து போனால் அது அடியின் குறை. அங்கே வந்ததும் ஒளி செத்து, சாம்பலோ செம்மையோ கலந்த மந்தமான திட்டு தெரிந்தால் தேய்மானம்.

மூன்றாவதாக ஒரு கைவிதி. மேடாக எழும்பி நிற்கும் கோடு அச்சில் விழுந்த விரிசலின் பதிவு; காசுக்குக் குறையில்லை, சிலருக்கு அதுவே சுவை. பள்ளமாக இறங்கும் கோடு பெரும்பாலும் காசுக்கே நேர்ந்தது. அரத் தடம் இதற்கு விதிவிலக்கு.

வெளியே நேர்ந்தவற்றில் முதலிடம் நகைக்கு. தங்கக் காசில் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் தொங்கவிடும் வழக்கம் அமெரிக்காவிலும் பரவலாக இருந்தது. பிறகு வளையத்தை எடுத்துத் தேய்த்துச் சரிசெய்திருப்பார்கள். விளிம்பை முழுக்கச் சுற்றிப் பாருங்கள், குறிப்பாக உச்சியில், பன்னிரண்டு மணி இடத்தில். பற்றவைத்த இடத்தின் நிறம் மாறியிருக்கும், பக்கவாட்டு வரிகள் சில மில்லிமீட்டர் தூரம் மழுங்கியிருக்கும், பற்கள் ஒன்றோடொன்று இழைந்திருக்கும். துளையிட்டு அடைத்த காசில் அடைப்பைச் சுற்றி வட்டமான நிற மாற்றமும், அங்கே மறுபடி செதுக்கிய நட்சத்திரமோ எழுத்தோ சற்றுக் கோணலாகவும் இருக்கும்.

அடுத்தது துடைத்தல். துணியோ பொடியோ போட்டுத் தேய்த்த காசில் மயிரிழைக் கோடுகள் இணையாக ஓடும். சாய்த்தால் திடீரென்று தோன்றி மறையும். வேதிக் கரைசலில் முக்கிய காசு சீரான வெளிர் மஞ்சளாக, உயிரில்லாமல் இருக்கும். தொடாத காசின் நிறம் அப்படியிருக்காது. வெள்ளி கூடினால் பச்சை சாயல், செம்பு கூடினால் ஆரஞ்சு, இடுக்குகளில் கொஞ்சம் கருமை. இந்தச் சீரற்ற நிறத்தைத்தான் தேர்ந்தவர்கள் தேடி வாங்குகிறார்கள். புதியவர்கள் ‘அழுக்கு’ என்று ஒதுக்குகிறார்கள்.

கடைசியாகப் புட்டி (putty). கீறல் மறைய மெல்லிய மெழுகுத்தன்மையுள்ள பூச்சு தடவுவார்கள். புதிதில் தெரியாது. சில ஆண்டுகளில் ஸ்லாப் எனப்படும் பிளாஸ்டிக் பேழைக்குள்ளேயே மங்கலான வெண்படலமாகக் கிளம்பும்.

இப்படிப்பட்ட காசுகளுக்கு எண் கிடையாது. ‘ஏயு டீட்டெயில்ஸ், துடைக்கப்பட்டது’ என்று சீட்டில் வரும். அதே தேய்மானமுள்ள நல்ல காசைவிட விலை வெகுவாகக் குறையும், விற்கும்போதும் அப்படியே. 1795 ஈகிள் போன்ற எட்டாக் காசு என்றால், பழைய துடைப்பு மட்டுமே உள்ள டீட்டெயில்ஸ் காசை வாங்குவது நியாயமான வழி. எளிதில் கிடைக்கும் 1801-க்கு அந்தச் சமரசம் தேவையில்லை.

ஸ்லாப்பை எவ்வளவு நம்பலாம்

பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் 1980-களின் நடுவில் தொடங்கிய தரச்சான்று நிறுவனங்கள். காசைப் பரிசோதித்து, எண் எழுதிய சீட்டோடு பிளாஸ்டிக் பேழையில் மூடித் தருகின்றன. அந்தப் பேழைதான் ஸ்லாப். தொடக்ககாலத் தங்கத்தில் போலிகள் ஏராளம் என்பதால், ஸ்லாப் இல்லாத காசைப் புதியவர் தொடவே கூடாது. ஸ்லாப்பையும் போலியாகச் செய்கிறார்கள். சீட்டிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள். படம் இருந்தால் அரத் தடம், கீறல், நிறத் திட்டு ஒவ்வொன்றாக ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.

2007 முதல் சிஏசி என்ற மூன்றாவது பார்வையும் உண்டு. ஸ்லாப்பில் உள்ள தரத்துக்குக் காசு உறுதியாகத் தகும் என்றால் பச்சை ஒட்டி; அடுத்த தரத்துக்கே தகும் என்றால் தங்க நிற ஒட்டி. தொடக்ககாலத் தங்கத்தில் ஒட்டி பெற்றவை குறைவு, அதனால் விலை கூடுதல். ஒட்டி இல்லாவிட்டால் காசு மோசம் என்று பொருளல்ல, அனுப்பாமலே இருந்திருக்கலாம். அனுப்பித் திரும்பியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

தரச்சான்று நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலைச் சற்று சந்தேகத்தோடு படியுங்கள். ஒரு படி மேலே ஏறினால் பல்லாயிரம் டாலர் கூடும் என்பதால், ஒரே காசை உடைத்தெடுத்து மறுபடி மறுபடி அனுப்புவார்கள். பழைய சீட்டைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் ஒரு காசு பட்டியலில் மூன்று காசாக நிற்கும்.

எதிலிருந்து தொடங்குவது

ஹாஃப் ஈகிளில் தொடங்குங்கள். 1802, 1803, 1806, 1807, 1810 முதல் 1813 வரை ஒப்பீட்டளவில் கிடைக்கும் ஆண்டுகள். 1802 என்று பொறித்த ஹாஃப் ஈகிள் எல்லாமே 1-இன் மேல் 2 அடித்த அச்சு. 1803 எல்லாமே 2-இன் மேல் 3. ஆகவே ‘மேலடி எண், அரிய வகை’ என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். பத்து டாலரில் 1799, 1801, 1803. குவார்ட்டர் ஈகிள் சிறியது, மலிவாக இருக்கும் என்ற நினைப்பில் இறங்க வேண்டாம். அந்த வரிசையில் எந்த ஆண்டும் எளிதல்ல. 1808 முழுக்க அடித்ததே 2,710 காசுகள், அந்த வடிவமும் அந்த ஓராண்டோடு முடிந்தது.

சீட்டில் பிடி 1, பிடி 3 (BD-1, BD-3) என்று வரும் எண்கள் எந்த முன்புற அச்சும் எந்தப் பின்புற அச்சும் சேர்ந்தன என்பதற்கான அடையாளம். 1795 ஈகிளில் கழுகு கால்களில் பற்றியிருக்கும் கிளையில் பெரும்பாலும் 13 இலைகள்; ஒரு வகையில் மட்டும் 9. அந்த ஒன்பது இலைக்குக் கூடுதல் விலை உண்டு, வெறும் கண்ணால் பார்த்தே எண்ணலாம். மற்றபடி, சிறிய நட்சத்திர நகர்வுகளால் மட்டும் வேறுபடும் அரிய அச்சுச் சேர்க்கைக்கு, அதைத் தேடுபவர் இருவர் ஏலத்தில் இருந்தால்தான் விலை ஏறும்.

ஏல நாள்

பெரிய விற்பனைகள் டல்லஸின் ஹெரிட்டேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ் ஆகியவற்றில் நடக்கும். கிரேட்கலெக்‌ஷன்ஸ் முழுக்க இணையத்தில். மூன்றிலும் பழைய ஏல முடிவுகளைப் படத்தோடு பார்க்கலாம். விலைப் பட்டியல் புத்தகங்களைவிட இதுவே நம்பகமானது. அதே ஆண்டு, அதே வகை, அதே தரம் என்று கடந்த சில ஆண்டு விற்பனைகளை எடுத்து அடுக்குங்கள். ஒரே ஏயு 55 இரண்டு விலைக்குப் போயிருக்கும். படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும்வரை நகராதீர்கள். நிறமாக இருக்கும், கன்னத்துக் கீறலாக இருக்கும், ஒட்டியாக இருக்கும். இந்தப் பயிற்சிக்கு ஈடான பாடம் வேறில்லை, செலவும் இல்லை.

காசை நேரில் பார்க்க ஏலத்துக்கு முன் நாட்கள் ஒதுக்குவார்கள். 5 அல்லது 7 மடங்கு உருப்பெருக்கி போதும். 10-க்கு மேல் போனால் எல்லாக் காசும் மோசமாகத் தெரியும். மேலே குழல்விளக்கு இல்லாமல், மேசையில் ஒற்றை மஞ்சள் விளக்கு. போக முடியாதவர்கள் நம்பகமான வணிகர் ஒருவரை அமர்த்திப் பார்க்கச் சொல்லலாம். காசு கிடைத்தால் சிறு சதவீதம் கூலி. அதுவும் இயலாதென்றால் ஏல நிறுவனத்திடம் சாய்கோணப் படமோ காணொளியோ கேளுங்கள். நேராக எடுத்த படம் மயிரிழைக் கோட்டைக் காட்டாது. படத்தில் கீறல் தெரிந்தால் அது காசிலா பிளாஸ்டிக்கிலா என்றும் பார்க்க வேண்டும். காசைச் சாய்க்கும்போது உருவத்தைவிட்டு விலகி நகர்ந்தால் பிளாஸ்டிக்கில்.

இனிக் கணக்கு. சுத்தியல் விழும் விலைமேல் வாங்குபவர் கட்டணம் உண்டு. முன்னே சொன்ன 1822 காசுக்குச் சுத்தியல் விலை 70 லட்சம்; அதில் 20 சதவீதம் கட்டணம் சேர்ந்துதான் 84 லட்சம். ஆகவே மனத்தில் முழுத் தொகையை முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மொத்தம் 12,000 டாலர்தான், கட்டணமும் அதே 20 சதவீதம் என்றால் 1.2-ஆல் வகுங்கள், 10,000 வரை கேட்கலாம். 12,000-இல் 20 சதவீதத்தைக் கழிப்பவர்கள் 9,600-இல் நின்று, காசை 400 டாலர் வித்தியாசத்தில் விட்டுவிடுவார்கள். கட்டணத்தையே மறந்து 12,000 வரை கேட்டவர் 14,400 கட்டுவார். அனுப்பும் செலவு, காப்பீடு, நீங்கள் இருக்கும் நாட்டின் சுங்கமும் வரியும் இதற்கு மேல். ஏலத்துக்கு முன்பே சுங்க முகவரிடம் கேட்டுவிடுங்கள். காசு துறைமுகத்தில் நிற்கும்போது கேட்டால் அவர் சொன்னதுதான் விலை.

சான்றளித்த காசைத் தரம் பிடிக்கவில்லை என்று திருப்பித் தர முடியாது. விதிமுறையில் அப்படித்தான் எழுதியிருக்கும். விற்பவர் வைத்த குறைந்தபட்ச விலையை எட்டாத காசு விற்காமலே திரும்பும். அப்படித் திரும்பிய காசைப் பற்றி மறுநாள் நிறுவனத்திடம் விசாரித்தால், சில வேளைகளில் பேரம் நடக்கும்.

காசு வந்தபின் ஸ்லாப்பை உடைக்காதீர்கள். கூடவே வரும் ஏலச் சீட்டு, பழைய சேகரிப்பாளர் பெயர் எழுதிய தாள் உறை, பட்டியலின் அந்தப் பக்கம் எல்லாவற்றையும் பேழையோடு ஒன்றாக வையுங்கள். பழைய விற்பனைப் பட்டியல்களின் படத்தோடு அரத் தடங்களை ஒப்பிட்டு, அதே காசுதான் என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்க முடியும். எலியாஸ்பர்க், போக், பாஸ் போன்ற பெயர் பெற்ற சேகரிப்பிலிருந்து வந்தது என்று இப்படி உறுதியானால், அடுத்த ஏலத்தில் அந்தக் காகிதங்களுக்கும் சேர்த்துத்தான் விலை கேட்பார்கள்.